பாதியில் நின்ற வீடு: சண்டையின்றி முடிக்க என்ன செய்யலாம்?

வாசகர் கேள்வி – பதில்: வீடும் மனையும்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. திருச்சிக்கு வெளியே எங்களுக்குச் சொந்தமான மனையில் 1,150 சதுர அடியில் வீடு கட்டுவதற்கு, என் அண்ணன் அறிமுகப்படுத்திய ஒப்பந்ததாரர் ஒருவரிடம் பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம். எட்டு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இதுவரை 22 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறோம். கூரை போட்டு, உள்பூச்சும் முடிந்த நிலையில் நான்கு மாதமாக வேலை நிற்கிறது. தொலைபேசியில் கேட்டால், ‘திங்கட்கிழமை ஆள் வந்துவிடும், டீச்சர்’ என்பார். திங்கட்கிழமை அழைத்தால் எடுக்க மாட்டார். இப்போது, கூடுதல் வேலைக்காகத் தனக்கு மூன்றரை லட்சம் வர வேண்டும் என்றும் சொல்கிறார். மழை பெய்தால் பின்னறைக் கூரையில் ஒரு மூலை நனைந்து கசிகிறது. ஒரு பக்கம் வீட்டு வாடகை 9,000 ரூபாய், இன்னொரு பக்கம் வங்கித் தவணை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார் கணவர். ஆட்களோடு போய்க் கேட்கலாம் என்கிறான் தம்பி. அறிமுகப்படுத்திய அண்ணனோ தலைகுனிந்து நிற்கிறார். சண்டை சச்சரவு இல்லாமல் இந்த வீட்டை முடிக்க வழி இருக்கிறதா? ஒப்பந்தத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். சம்பளத்தில் வாடகையும் தவணையும் சேர்ந்து போகும் மாதங்கள் எப்படிப்பட்டவை என்பது எனக்குத் தெரியும். கட்டுமானப் பொறியாளனாக இத்தகைய பிணக்குகளுக்கு நடுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் வீட்டை முடிக்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி நீங்கள் மூவரும் இப்போது நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் தொடங்கவில்லை. கணவர், தம்பி, அண்ணன் மூவரும் ஒப்பந்ததாரர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்த 22 லட்சத்துக்கு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்ற கணக்கை இதுவரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கணக்கு இருப்பதில்லை. அது இல்லாமல் பேசப் போகும்போதுதான் குரல் உயர்கிறது.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை வைத்து அதை நானே போட்டுப் பார்த்தேன். மொத்த ஒப்பந்தத் தொகை 26,45,000 ரூபாய். முன்பணம் 10 சதவீதம், அடித்தள மட்டம் வரை 15, லிண்டல் (கதவு, ஜன்னல்களுக்கு மேலே போடும் கான்கிரீட் உத்திரம்) மட்டம் வரை 15, கூரை கான்கிரீட் முடிந்ததும் 25, உள்பூச்சும் வெளிப்பூச்சும் சேர்ந்து 15, தரை, மின்சாரம், குழாய் வேலைகளுக்கு 15, சாவி ஒப்படைக்கும்போது 5 என்று அதில் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். கூரை வரைக்கும் 65 சதவீதம் ஆகிறது. பூச்சில் பாதி முடிந்ததாக வைத்துக்கொண்டால் இன்னும் ஏழரை. ஆக, நடந்திருக்கும் வேலை 72.5 சதவீதம், அதாவது 19,17,625 ரூபாய்க்கு. நீங்கள் கொடுத்திருப்பது 22 லட்சம். எனவே, ஒப்பந்தக் கணக்குப்படி 2,82,375 ரூபாய் அவர் கையில் கூடுதலாக இருக்கிறது. ‘எங்கள் பணத்தையெல்லாம் தின்றுவிட்டார்’ என்ற பேச்சுக்கும் இந்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பாருங்கள். கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தபோது நான் அஞ்சிய அளவைவிட இது சிறியது. உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியது.

அடுத்து, அவர் கேட்கும் மூன்றரை லட்சத்துக்கு வருவோம். இதில் உங்கள் பக்கமும் நேர்மையாக இருக்க வேண்டும். போர்டிகோவை நான்கு அடி நீட்டச் சொன்னதும், நிலத்தடித் தொட்டியை 6,000 லிட்டரிலிருந்து 10,000 லிட்டராக்கச் சொன்னதும், இரண்டு அறைகளில் பரண் கேட்டதும் நாங்கள்தான் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு என்ன விலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. விலை எழுதவில்லை என்பதற்காக அந்த வேலை இலவசமாகிவிடாது. அதேபோல, அவர் வாய்க்கு வந்த எண்ணும் விலையாகிவிடாது. பொறியாளர் ஒருவர் அளந்து, உங்கள் ஊரில் நடப்பிலுள்ள விலையில் மதிப்பிட்டுச் சொல்லட்டும். ஒரு பேச்சுக்கு, அது ஒன்றரை லட்சம் என்று வந்தால், அவரிடம் கூடுதலாக இருக்கும் தொகை 1,32,375 ரூபாயாகக் குறைந்துவிடும். கூடுதல் வேலைக்கான இந்த மதிப்பை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டால், எதிரில் இருப்பவர் தற்காப்புக்காகப் பேசுவதை நிறுத்துவார். பல இடங்களில் பேச்சு திரும்பியதை நான் கண்டது இந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே முதல் வேலை, கூட்டு அளவீடு. அவருக்கும் உங்களுக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு கட்டடப் பொறியாளரைக் கட்டணம் கொடுத்து அமர்த்துங்கள். ஒப்பந்ததாரருக்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் நாளும் நேரமும் குறிப்பிட்டு, ‘இதுவரை நடந்த வேலையையும் கூடுதல் வேலையையும் சேர்ந்து அளந்து எழுதிக்கொள்ளலாம், தங்கள் கணக்கையும் கொண்டு வாருங்கள்’ என்று மரியாதையாக எழுதுங்கள். காலை வேளையில், கட்டட மனையிலேயே சந்திப்பது நல்லது. வீட்டுக்கு அழைத்தால் காப்பியும் பழைய கதையும்தான் ஓடும், அவருடைய வீட்டுக்கு நீங்கள் போனால் அண்டை அயலார் பார்க்க அவருடைய கௌரவம் நடுவில் வந்துவிடும். தம்பி அன்றைக்கு வர வேண்டாம். ஒவ்வோர் அறையாக நாடா பிடித்து, முடிந்தது, முடியாதது, பழுதானது என்று மூன்றாகப் பிரித்து எழுதி, கடைசியில் அவரும் நீங்களும் பொறியாளரும் கையெழுத்திடுங்கள். தேதி தெரியும்படி ஒளிப்படங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வராவிட்டாலும் அளவீட்டை நிறுத்தாதீர்கள். அளந்து முடித்து, அதன் நகலை அன்று மாலையே அவருக்கு அனுப்பிவிடுங்கள். அழைத்தும் வரவில்லை என்பதே பின்னால் ஒரு சான்றாக நிற்கும்.

கசிவைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கும் வேலை இன்னும் நடக்கவில்லை. வெறும் கான்கிரீட்டின்மேல் மழை நின்றால் ஓரளவு ஈரம் இறங்குவது இயல்பு. ஆகவே, ‘கூரையே கெட்டுவிட்டது’ என்று இப்போதே முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த மூலையைச் சுற்றிச் சிமெண்ட் கலவையால் சிறு வரப்புக் கட்டி, மூன்று அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மூன்று நாள் விட்டு, கீழே எங்கே நனைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கலவை சரியாக இறங்காமல் தேன்கூடுபோல் பொந்து விழுந்திருக்கிறதா, குழாய்க்காக விட்ட துளையைச் சுற்றிக் கசிகிறதா, கம்பி துருப்பிடித்து வெளித் தெரிகிறதா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்வார். ஐயம் நீங்காவிட்டால் ரீபவுண்டு ஹாமர் என்ற கருவியால் கான்கிரீட்டின் வலிமையைத் தோராயமாக அறியலாம். அதிலும் குறை தெரிந்தால், சிறு உருளையாகத் துளைத்தெடுத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. அரசுப் பொறியியல் கல்லூரிகளின் கட்டடப் பொறியியல் துறைகளில் கட்டணத்துக்கு இவற்றைச் செய்து அறிக்கை தருகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் சோதனையே போதுமானதாக இருக்கும்.

கணக்கு கைக்கு வந்த பிறகு, அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘வேலை ஏன் நின்றது?’ என்பதுதான். குற்றம் சாட்டும் தொனியில் அல்ல, காரணம் தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். நம் ஊர்களில் சிறு ஒப்பந்ததாரர்கள் பலர் ஒரு வீட்டின் முன்பணத்தில் இன்னொரு வீட்டுக் கம்பியை வாங்கிச் சுழற்றுகிறவர்கள். நடுவில் ஒருவர் பணம் தராமல் நிறுத்திவிட்டால் எல்லா வீடும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். ஊருக்குப் போன கொத்தனார் குழு திரும்பாமல் போவதும் உண்டு. சதுர அடி விலையைக் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, பொருள் விலை ஏறியதும் முடிக்க முடியாமல் ஒளிகிறவர்களும் உண்டு. இவை மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. பணச் சுழற்சிதான் சிக்கல் என்றால், மீதி வேலைக்கு அவர் கையில் மொத்தப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, சிமெண்ட், டைல்ஸ், குழாய், வயர் எல்லாவற்றையும் நீங்களே கடையில் பணம் கட்டி இறக்குங்கள். கூலியை மட்டும், அந்த வாரம் நடந்த வேலையைப் பார்த்து, சனிக்கிழமை மாலை கொத்தனாரும் சித்தாளும் இருக்கும்போதே கொடுங்கள். சனிக்கிழமைச் சம்பளம் உறுதி என்று தெரிந்த இடத்துக்குத் திங்கட்கிழமை ஆள் வருவார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான் ஒன்றரை ஆண்டு இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒப்பந்ததாரர், ‘நான் 600 மூட்டை சிமெண்ட் இறக்கினேன்’ என்றார். வீட்டுக்காரர், ‘பாதிகூட இல்லை’ என்றார். வீட்டுக்காரரின் தாயார், எழுபது வயது தாண்டியவர், உள்ளே போய்ப் பேரனின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். நாள்தோறும் வந்த மூட்டை, வந்த ஆட்கள், கொடுத்த பணம் எல்லாம் பென்சிலால் எழுதி, சில பக்கங்களில் கொத்தனாரிடமே கையெழுத்து வாங்கியிருந்தார். கூட்டிப் பார்த்தபோது 430 மூட்டை வந்தது. இருவர் சொன்னதும் தவறு. அந்த நோட்டைப் பார்த்த பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. அரை மணி நேரத்தில் மீதித் தொகையை முடிவு செய்து எழுந்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டை இன்றே தொடங்குங்கள். வங்கிவழிக் கொடுத்த பணத்துக்குக் கணக்கு அறிக்கை, ரொக்கமாகக் கொடுத்ததற்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்தி என்று எது கிடைத்தாலும் அதில் சேருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், செல்பேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டுவதற்குப் பாரதிய சாட்சிய அதினியம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும், அப்போது மூலக் கருவி கைவசம் இருப்பது உதவும்.

பேச்சு ஒத்துவந்தால், அன்றே துணை ஒப்பந்தம் ஒன்றை எழுதிவிடுங்கள். மீதமுள்ள ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள், பொருளை யார் வாங்குவது, கூலி எவ்வளவு, அவரிடம் கூடுதலாக இருக்கும் தொகையை எந்த வேலையில் கழிப்பது, தொடர்ந்து பத்து நாள் வேலை நின்றால் நீங்கள் வேறொருவரைக் கொண்டு முடித்துக்கொள்ள அவர் சம்மதிப்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். தளர்வான தேதி போடுங்கள். வெளிப்பூச்சுக்கு மூன்று வாரம் தேவையென்றால் நான்கு வாரம் எழுதுங்கள். நிறைவேற்ற முடியாத தேதியை வற்புறுத்தி வாங்கினால், முதல் வாரத்திலேயே அது பொய்த்து, எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்து, கடைசித் தவணையை உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் விடுவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை சில உண்டு. மனையில் கிடக்கும் அவருடைய சென்ட்ரிங் தகடுகளையும் முட்டுக் கம்புகளையும் பூட்டி வைக்காதீர்கள். கோபத்தில் பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், பிறகு தங்கள் மேலேயே புகார் வந்து நிற்கும்போது திகைக்கிறார்கள். அளவீடும் படமும் எடுக்காமல் புதிய ஒப்பந்ததாரரை உள்ளே விடாதீர்கள். புதிய பூச்சு விழுந்துவிட்டால் எது யார் செய்த பழுது என்று பிரித்துக் காட்ட இயலாது. தம்பி ஆட்களோடு போனால், இதுவரை உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் ஒரே மாலையில் அவர் பக்கம் போய்விடும். காவல் நிலையத்தைப் பொறுத்தவரை, வாக்குக் கொடுத்து நிறைவேற்றாதது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகிவிடாது, தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. உங்கள் ஒப்பந்ததாரர் கூரை வரை கட்டியிருக்கிறார். ஏமாற்றும் எண்ணத்தோடு வந்தவர் அவ்வளவு தூரம் கட்டியிருப்பாரா என்று காவல் ஆய்வாளர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

இவ்வளவு செய்தும் அவர் பிடி கொடுக்காவிட்டால், வழக்கறிஞர் மூலமாகவோ நீங்களாகவோ அறிவிப்பு ஒன்றை விரைவு அஞ்சலில், அவர் பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். அதில் வசைச்சொல் ஒன்றும் வேண்டாம். அளவீடு, கொடுத்த பணம், மீதி வேலை, பதினைந்து நாள் அவகாசம் இவை போதும். அதன் பிறகு நான் உங்களுக்குப் பரிந்துரைக்கும் முதல் இடம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குத் தொடுக்கும் முன்பே அங்கே மனுக் கொடுத்தால், எதிர்த்தரப்பை அழைத்துப் பேச வைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு எழுதப்பட்டால், அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம்.

அங்கும் அவர் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு சேவை என்பது 1993-இலேயே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 20 முதல் 50 லட்சம் வரையிலான தொகைக்கு 1,000 ரூபாய்தான் கட்டணம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் பதில் தாக்கல் செய்தாக வேண்டும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ‘திங்கட்கிழமை ஆள் வரும்’ என்ற சொல்லை நம்பி அந்த இரண்டு ஆண்டையும் கடத்தியவர்களை நான் அறிவேன். உங்கள் வீடு சொந்த மனையில் தனிப்பட்ட ஒப்பந்தத்தில் கட்டப்படுவதால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போக இயலாது.

கடைசியாக உங்கள் அண்ணனைப் பற்றி. அவர் நல்ல எண்ணத்தில்தான் அறிமுகம் செய்தார். அவரைத் தூதுவராக அனுப்பாதீர்கள். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கி நொந்துபோவார். கூட்டு அளவீட்டு நாளில் சாட்சிக் கையெழுத்துப் போட மட்டும் அவரை அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கப் பதிவுசெய்தேன். ஒப்படைக்க வேண்டிய நாள் கடந்து இருபது மாதமாகிறது. பணி நிறைவுச் சான்றிதழ் வாங்காமலேயே, ‘மீதிப் பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 18 சதவீத வட்டி’ என்று நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. தாமதத்துக்கு அவர்கள் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதோ சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய். வாங்கியவர்கள் எண்பது பேரும் வாட்ஸ்அப் குழுவில் கொதித்துக்கொண்டிருக்கிறோம். என்ன செய்வது?
– வாசகர், தாம்பரம்

பதில்: குழுவில் கொதிப்பதை நிறுத்திவிட்டு, முதலில் உங்கள் திட்டத்தின் பதிவு எண்ணை வைத்துத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில், நிறுவனம் எந்த நாளில் முடிப்பதாக உறுதிமொழி கொடுத்திருக்கிறது, நீட்டிப்புப் பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டப்படும் திட்டங்கள் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வருகின்றன. எண்பது வீடு என்பதால் உங்களுடையது அதில் அடங்கும்.

அந்தச் சட்டம் வட்டியில் இரு தரப்பையும் சமமாக வைத்திருக்கிறது. வாங்குபவர் தாமதித்தால் எந்த விகிதமோ, கட்டுபவர் தாமதித்தாலும் அதே விகிதம்தான். தமிழ்நாட்டு விதிகளின்படி அது பாரத ஸ்டேட் வங்கியின் மிக உயர்ந்த எம்.சி.எல்.ஆர். (நிதி திரட்டும் செலவை வைத்து வங்கி நிர்ணயிக்கும் கடன் வட்டி) விகிதத்தோடு 2 சதவீதம் சேர்ந்தது. ஆகவே உங்களுக்கு ஐந்து ரூபாய், அவர்களுக்கு 18 சதவீதம் என்ற ஒருதலைப்பட்சமான வாசகம் நிற்காது. இத்தகைய ஒப்பந்தங்கள் நியாயமற்றவை என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. 18-ஆம் பிரிவின்படி உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: திட்டத்திலிருந்து விலகி, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம், அல்லது வீடுதான் வேண்டும் என்றால், ஒப்படைக்கும் நாள்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். எது வேண்டும் என்பதை எண்பது பேரும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். வீடு வேண்டுபவரும் பணம் வேண்டுபவரும் ஒரே மனுவில் சேர்ந்தால் குழப்பம்தான் வரும்.

சான்றிதழ் இல்லாமல் சாவியை வாங்கும் கடமை உங்களுக்கு இல்லை. அதைப் பெற்றுத் தர வேண்டியவர் கட்டுபவர். அது கிடைத்த பிறகு இரண்டு மாதத்துக்குள் வீட்டை எடுத்துக்கொள்வதுதான் உங்கள் கடமை. இதைக் குறிப்பிட்டு, ‘சான்றிதழின் நகலைத் தாருங்கள், அன்றே மீதித் தொகையைக் கட்ட ஆயத்தமாக இருக்கிறோம்’ என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பணம் கட்ட மறுப்பவர் என்ற பெயர் உங்கள்மேல் விழாமல் இருப்பதற்கு இந்தக் கடிதம் இன்றியமையாதது. அத்தோடு, எண்பது பேரில் கணக்குத் தெரிந்த ஒருவர், கட்டுமானம் தெரிந்த ஒருவர், பொறுமையாகப் பேசக்கூடிய ஒருவர் என மூவரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் மட்டும் நிறுவனத்தின் முடிவெடுக்கும் நிலையிலுள்ள அலுவலரைச் சந்திக்கட்டும். விற்பனைப் பிரிவில் இருக்கும் இளைஞரிடம் கத்திப் பயனில்லை. அவருக்கு அதிகாரமும் கிடையாது, தகவலும் கிடையாது. வாங்குபவர்களிடமிருந்து பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கின் நிலையைச் சந்திப்பில் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், பணமும் வட்டியும் வேண்டி ஆணையத்துக்கு ‘எம்’ (M) படிவத்திலும், இழப்பீடு வேண்டித் தீர்ப்பளிக்கும் அலுவலருக்கு ‘என்’ (N) படிவத்திலும் மனுச் செய்யலாம். வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், தெரிவித்த 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வதும் அவர்கள் பொறுப்பு.

கேள்வி: நான் திண்டுக்கல்லில் சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி. ஒரு வீட்டை முடித்துக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. சுவரில் விரிசல் இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்காரர் 1,80,000 ரூபாயை நிறுத்திவிட்டார். விரிசல் மயிரிழை அளவுதான். ஊரில் என்னைப் பற்றித் தவறாகவும் பேசுகிறார். என் பக்கத்தையும் கேட்பீர்களா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கட்டாயம் கேட்கிறேன். வீட்டுக்காரரின் பக்கமே பேசி முடித்தால் இந்தப் பகுதிக்கு நியாயம் இருக்காது. வெயில் காலத்தில் பூச்சு காய்ந்து சுருங்குவதால் வரும் மயிரிழைக் கோடுகளால் கட்டடத்துக்குக் கேடில்லை. ஆனால் விரிசல் எந்த இடத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிப்படியாக இறங்கினால், அது அடித்தளம் சற்று அமிழ்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதை மயிரிழை என்று தள்ளிவிடக் கூடாது, பொறியாளரைக் காட்டியே ஆக வேண்டும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக இறங்கியிருந்தால், அங்கே பூசும் முன் கம்பி வலை அடிக்கத் தவறியிருப்பீர்கள். அது உங்கள் வேலைக்குறைதான். ஆனால் குறைந்த செலவில் சரிசெய்யக் கூடியது.

வீட்டுக்காரர்மேல் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. அங்கே சேவை பெற்றவர்தான் புகார் கொடுக்கலாம். உங்கள் வழி, உரிமையியல் நீதிமன்றமும், அதற்கு முன் நான் மேலே சொன்ன சட்டப் பணிகள் ஆணைக்குழுவும். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். நிலுவை 1,80,000 எப்படி வந்தது என்பதை அளவோடு எழுதிய பில் ஒன்றை அவருக்குக் கொடுத்து, ‘விரிசலை என் செலவில் சரிசெய்கிறேன், முடிந்த அன்று ஒரு லட்சமும், ஒரு மாதம் கழித்து மீண்டும் விரியாமல் இருந்தால் மீதியும் தாருங்கள்’ என்று எழுதிக் கேளுங்கள். அவர் பயப்படுவது, பணம் கொடுத்த பிறகு நீங்கள் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள் என்பதற்காகத்தான். மீதியை ஒரு மாதம் அவர் கையிலேயே விட்டுவைத்தால் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை.

விரிசல் தூணும் சுவரும் சேரும் இடத்தில் இருந்தால், வேலையைச் செய்யும்போது, தூணை ஒட்டிய பூச்சை இரு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் கொத்தி எடுத்து, தூசியைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, கம்பி வலையை ஆணியடித்து இறுக்கி, பிறகு பூசுங்கள். ஏழு நாள் விடாமல் தண்ணீர் தெளியுங்கள். அதற்கு ஆளை அனுப்பாமல், காலையும் மாலையும் நீங்களே போய்த் தெளித்துவிட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.